மாலுமிகளின் பணிவிடுப்பு: துணைத் தூதரும் துறைமுக நீதிமன்றமும்

வணிகக் கப்பலில் வேலை செய்யும் ஒருவர் தம் ஒப்பந்தத்திலிருந்து சட்டப்படி விடுபட்டு, சேர வேண்டிய ஊதியத்தையும் சான்றிதழையும் பெற்றுக்கொண்டு கப்பலை விட்டு இறங்குவது பணிவிடுப்பு எனப்படும். கப்பல்காரர்கள் பேச்சில் இதற்கு 'சைன் ஆஃப்' என்று பெயர். சொந்த நாட்டுத் துறைமுகத்தில் நடந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. அயல்நாட்டுத் துறைமுகத்தில் நடக்கும்போது இரண்டு அதிகாரங்கள் குறுக்கிடுகின்றன. ஒன்று, கப்பல் எந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டின் துணைத் தூதர். கான்சல் என்று அழைக்கப்படுபவர் இவரே. மற்றொன்று, துறைமுகம் அமைந்துள்ள நாட்டின் நீதிமன்றம். மாலுமியை இறக்கிவிடலாமா, அவருக்கு எவ்வளவு பணம் சேர வேண்டும், அதை யார் தீர்மானிப்பது என்பதில் இவ்விரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளாக இழுபறி இருந்து வருகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் ஒருவருக்கு மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றால், அவர் வாயிற்கதவைத் தாண்டி வெளியே வந்து, ஊத்துக்கோட்டைக்குப் பேருந்து ஏறி வீடு போய்ச் சேரலாம். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுக்கலாம். அங்கிருந்து சற்றுத் தொலைவில், காட்டுப்பள்ளியிலோ எண்ணூரிலோ நிற்கும் கப்பலில் உள்ள வெளிநாட்டு மாலுமிக்கு இவற்றில் எதுவும் இயலாது. குடிநுழைவுத் துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவர் கரையில் கால் வைக்க முடியாது. ஒப்பந்தத்தை முறிக்காமல் இறங்கினால் 'கப்பலை விட்டு ஓடியவர்' ஆகிவிடுவார். இறங்காமல் இருந்தால் சம்பளமும் இல்லை, வீடும் இல்லை. பணிவிடுப்பு என்ற ஒரு காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான்.

துணைத் தூதருக்கு இந்த அதிகாரம் வந்த வழி

பாய்மரக் கப்பல்களின் காலத்தில் ஒரு பயணம் இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நீளும். ஊதியம் பயணத்தின் முடிவில்தான் கணக்குத் தீர்க்கப்படும். ஆகவே, நடுவழியில் ஏதாவதொரு துறைமுகத்தில் மாலுமியை இறக்கிவிட்டுச் சென்றால் கப்பல் தலைவருக்கு லாபம். அப்படி விடப்பட்டவர்கள் அந்நிய ஊரில் பிச்சையெடுக்க நேர்ந்தது. அவர்களைத் திருப்பி அழைத்து வரும் செலவு அவர்களுடைய அரசின் தலையில் விழுந்தது. இதைத் தடுக்கவே, துணைத் தூதரின் ஒப்புதல் இல்லாமல் அயல்நாட்டில் மாலுமியை இறக்கக் கூடாது என்ற விதி பிறந்தது. 1803-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெளிநாட்டில் மாலுமியை இறக்கும் கப்பல் தலைவர் மூன்று மாத ஊதியத்தைக் கூடுதலாகத் துணைத் தூதரிடம் கட்ட வேண்டும். அதில் இரண்டு பங்கு மாலுமிக்கு, ஒரு பங்கு ஆதரவற்ற மாலுமிகளை ஊருக்கு அனுப்பும் நிதிக்கு.

நோக்கம் நல்லதுதான். ஆனால் அதே கையெழுத்து மாலுமியைக் கட்டிப்போடவும் பயன்பட்டது. கப்பல் தலைவரின் கொடுமை தாங்காமல் இறங்க விரும்பும் மாலுமியும் அதே துணைத் தூதரிடம்தான் போக வேண்டும். அவரோ பல ஊர்களில் வணிகர். கப்பல் முதலாளிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்.

இந்திய வணிகக் கப்பல் சட்டம் 1958-இலும் இந்தப் பழைய ஏற்பாட்டைக் காணலாம். இந்தியக் கப்பலின் தலைவர், ஒப்பந்தக் காலம் முடியுமுன் மாலுமியை வெளிநாட்டில் இறக்கிவிடவோ விட்டுச்செல்லவோ வேண்டுமானால் அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியின் அனுமதி வேண்டும். இந்தியத் துறைமுகத்தில் அந்த இடம் 'ஷிப்பிங் மாஸ்டர்' என்ற அதிகாரிக்கு உரியது. அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. இந்தியாவில் முடியும் பயணத்துக்கு அமர்த்தப்பட்ட மாலுமி, வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஊதிய வழக்குத் தொடர முடியாது. முறையான அனுமதியோடும் கப்பல் தலைவரின் எழுத்து ஒப்புதலோடும் பணிவிடுப்புப் பெற்றிருந்தால் தொடரலாம். அல்லது, கப்பலில் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும் அளவுக்குத் தாம் கொடுமைப்படுத்தப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து இது வந்தது.

இந்த விதியில்தான் மோதலின் வேர் இருக்கிறது. நீதிமன்றக் கதவுக்குப் பணிவிடுப்பே சாவி; சாவியோ தூதரக அதிகாரியின் மேசையில். ஆனால் ஒரு நாடு தன் மாலுமிக்கு விதித்த கட்டுப்பாடு இன்னொரு நாட்டின் நீதிபதியைக் கட்டுப்படுத்துமா?

உடன்படிக்கைகள் பேசிய காலம்

கட்டுப்படுத்த வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு நாடுகள் தங்களுக்குள் எழுதி வைத்துக்கொண்டன. அமெரிக்காவும் பிரஷ்யாவும் 1828-இல் செய்த உடன்படிக்கை, கப்பல் தலைவருக்கும் மாலுமிகளுக்கும் இடையிலான பிணக்குகளில் துணைத் தூதரே நீதிபதியாக அமரலாம் என்றது. துறைமுகத்தின் அமைதி கெட்டாலன்றி உள்ளூர் அதிகாரிகள் தலையிடக் கூடாது என்றும் சொன்னது. பல நாடுகள் இதே வாசகத்தைச் சிறு மாற்றங்களோடு பின்பற்றின. 'எல்வின் கிரெப்ளின்' என்ற பிரஷ்யக் கப்பலின் மாலுமிகள் நியூயார்க்கில் ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தபோது, 1872-இல் அமெரிக்க மேல் நீதிமன்றம் இந்த உடன்படிக்கையைக் காட்டி, வழக்கு துணைத் தூதருக்கு உரியது என்று தீர்ப்பளித்தது.

துறைமுகத்தின் அமைதி என்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை 1887-இல் வந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் கட்டப்பட்டிருந்த 'நோர்ட்லாண்ட்' என்ற பெல்ஜியக் கப்பலின் கீழ்த்தளத்தில் 1886 அக்டோபரில் இரண்டு பெல்ஜிய மாலுமிகளுக்கிடையே சண்டை மூண்டது. ஒருவர் கத்திக்குத்தில் இறந்தார். கொன்றவரை உள்ளூர்க் காவல்துறை பிடித்துக்கொண்டு போனது. கப்பல் எங்களுடையது, கொன்றவரும் இறந்தவரும் எங்களவர், எனவே விசாரணையும் எங்களுடையது என்று பெல்ஜியத் துணைத் தூதர் ஆட்கொணர்வு மனு போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. கப்பலின் உள் ஒழுங்கு துணைத் தூதருக்கு உரியது. கொலை அப்படிப்பட்டதன்று, கரையில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் நடந்தாலும் அது துறைமுகத்தின் அமைதியைக் குலைப்பதே என்றது. வில்டன்ஹூஸ் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுவது இதுதான். குற்ற வழக்குகளில் துணைத் தூதரின் கை அன்றோடு தாழ்ந்துவிட்டது. ஊதியமும் பணிவிடுப்பும் மட்டும் அவரிடம் எஞ்சின.

இங்கிலாந்து உடன்படிக்கைகளை அதிகம் நம்பாமல் நீதிபதியின் விருப்புரிமையை நம்பியது. அயல்நாட்டுக் கப்பலின் மாலுமி ஊதியம் கேட்டு வந்தால் வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் முதலில் அந்த நாட்டுத் துணைத் தூதருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் எதிர்த்தால், அந்த எதிர்ப்பைக் கருத்தில் கொண்டு, விசாரிப்பதா விடுவதா என்று நீதிபதி முடிவெடுப்பார். 1867-இல் 'நீனா' என்ற போர்ச்சுகீசியக் கப்பலின் வழக்கில் பிரிவி கவுன்சில் இந்த வழக்கத்தை உறுதிப்படுத்தியது. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் 1883-இல் 'லியோன் 13' என்ற ஸ்பானியக் கப்பலின் வழக்கில் நடந்ததைப் பார்க்க வேண்டும். வழக்குத் தொடுத்தவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள்; வழக்கு நடந்ததும் இங்கிலாந்தில். ஸ்பெயினின் துணைத் தூதர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஸ்பானியக் கொடியின் கீழ் வேலைக்குச் சேர்ந்ததால், இந்த வழக்கைப் பொறுத்தவரை அவர்களும் ஸ்பானிய மாலுமிகளே என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. சொந்த மண்ணில் நின்றுகொண்டு சொந்த நாட்டு நீதிபதியிடம் கேட்டும் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்த ஆங்கில வழக்கமே. அயல்நாட்டுக் கப்பலின் மீது ஊதிய வழக்குத் தொடுத்தால் அந்த நாட்டுத் துணைத் தூதர் மும்பையில் இருக்கும்பட்சத்தில் அவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது மும்பை உயர் நீதிமன்ற விதிகளில் இடம்பெற்றது.

1915: சாவியை மாற்றிய சட்டம்

அமெரிக்காவில் 1915 மார்ச் 4 அன்று கையெழுத்தான மாலுமிகள் சட்டம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. செனட்டர் லா ஃபாலெட் கொண்டுவந்த இச்சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆண்ட்ரூ ஃபுருசெத். நார்வேயில் பிறந்து மாலுமியாக வாழ்ந்து பிறகு தொழிற்சங்கத் தலைவரானவர். கப்பலை விட்டு ஓடுவது சிறைக்குரிய குற்றம் என்ற நிலையை இச்சட்டம் ஒழித்தது. ஓடிய மாலுமியைப் பிடித்துத் தரும்படி துணைத் தூதர் உள்ளூர்க் காவல்துறையைக் கேட்கலாம் என்ற உடன்படிக்கைப் பிரிவுகளை முடிவுக்குக் கொண்டுவருமாறும் அரசுக்குக் கட்டளையிட்டது.

அதில் இன்னொரு பிரிவு இருந்தது. துறைமுகத்துக்கு வந்ததும் அதுவரை ஈட்டிய ஊதியத்தில் பாதியை மாலுமி கேட்டுப் பெறலாம். கப்பல் தலைவர் மறுத்தால் ஒப்பந்தம் அங்கேயே முறிந்துவிடும். மாலுமி முழு ஊதியத்துக்கும் உரியவராவார். அமெரிக்கத் துறைமுகத்தில் நிற்கும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும் இது பொருந்தும். அதாவது, பணிவிடுப்புக்குத் துணைத் தூதரின் கையெழுத்தே வேண்டியதில்லை. மறுப்பே பணிவிடுப்பு ஆகிவிடும்.

டில்லன் என்ற பிரிட்டிஷ் மாலுமி இதைச் சோதித்துப் பார்த்தார். 1916 மே மாதம் லிவர்பூலில் 'ஸ்ட்ராத்தர்ன்' என்ற பிரிட்டிஷ் கப்பலில் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், ஜூலை இறுதியில் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பாதி ஊதியம் கேட்டார். ஒப்பந்தப்படி பயணம் முடியும்வரை அவருக்குப் பணம் கிடையாது. கப்பல் தலைவர் மறுத்தார். 1920-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டில்லன் பக்கம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் ஒப்பந்தமும் பிரிட்டிஷ் கொடியும் அமெரிக்கத் துறைமுகத்தில் அமெரிக்கச் சட்டத்தைத் தடுக்கவில்லை.

இந்த விடுதலையில் இந்திய மாலுமிகளுக்குப் பங்கு மிகக் குறைவு. லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட அவர்களுக்கு 1894-ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஒப்பந்த முறையை அனுமதித்திருந்தது. அவர்களைப் பிரிட்டனில் இறக்கிவிடாமல், வேறு கப்பலுக்கு மாற்றியேனும் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். பிரிட்டனில் பணிவிடுப்புக் கிடைத்தால் அவர்கள் அங்கேயே வெள்ளை மாலுமிகளின் ஊதியத்தைக் கேட்கக்கூடும் என்ற அச்சமும் இதற்கு ஒரு காரணம். அப்படியும் விடப்பட்டவர்கள் இருந்தார்கள். லண்டனின் லைம்ஹவுஸ் பகுதியில் 1857-இல் திறக்கப்பட்ட ஆசியர் விடுதி அவர்களுக்காக எழுந்ததே. பேரரசின் கப்பலில் பேரரசின் குடிமகன் என்பதால் அவர்களுக்காகப் பேசத் தனித் துணைத் தூதரும் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றமும் 'கோபே குயின்' கப்பலும்

கப்பல் வழக்குகளை விசாரிக்கும் கடலாண்மை அதிகாரம் சென்னை, மும்பை, கல்கத்தா உயர் நீதிமன்றங்களுக்கு 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதியானது. 1992-இல் 'எம்.வி. எலிசபெத்' வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய ஆங்கிலச் சட்டத்தின் எல்லைக்குள் இந்திய நீதிமன்றங்கள் சிறைப்பட்டுக் கிடக்கத் தேவையில்லை என்று சொல்லி அந்த அதிகாரத்தை விரிவாக்கியது. கடலாண்மை வழக்கில் எதிரி கப்பல்தான்; முதலாளி எந்த நாட்டில் ஒளிந்திருந்தாலும் நீதிமன்றம் கப்பலைக் 'கைது' செய்து, தேவைப்பட்டால் விற்று, பணத்தைப் பங்கிடும். மாலுமியின் ஊதியத்துக்குக் கப்பலின் மீது பற்றுரிமை உண்டு. முதலாளி மாறினாலும் அது கப்பலோடு ஒட்டிக்கொண்டே வரும்.

1999 டிசம்பர் இறுதியில் இந்தியக் கடலோரக் காவல்படை 'கோபே குயின்' என்ற கப்பலைக் கடலில் மடக்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. எஃகுச் சரக்கோடு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் திசைமாறிய கப்பல் அது. பணியாளர்கள் உக்ரைன் நாட்டவர். கப்பல் பறிமுதலாகி விற்கப்பட்டது. மாலுமிகளின் ஊதியம் என்ன ஆவது? அரசு பறிமுதல் செய்துவிட்டால் மற்ற உரிமைகள் எல்லாம் அற்றுப்போகும் என்பது ஒரு வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2006 மார்ச்சில் வந்த தீர்ப்பில், பறிமுதலால் மாலுமியின் பற்றுரிமை அழியாது, ஊதியம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. 'ஓ. கோனவலோவ் எதிர் கடலோரக் காவல்படை' என்ற இத்தீர்ப்பு இந்தியாவில் மாலுமி ஊதிய வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு கிடைத்த நீதி என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் 'லியோன் 13' மாலுமிகளின் நிலையிலிருந்து இது எவ்வளவு தொலைவு! இந்தியக் குடிமக்களே அல்லாதவர்களுக்கு இந்திய அரசியல் சட்டத்தின் வாழ்வுரிமை கைகொடுத்திருக்கிறது.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கடலாண்மைச் சட்டம் 2017, ஊதியத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் உள்ள பற்றுரிமையை வரிசையில் முதலிடத்தில் வைத்தது. மற்ற பற்றுரிமைகள் ஓராண்டில் காலாவதியாகும். மாலுமிகளுடையதற்கு இரண்டு ஆண்டு. திருவள்ளூர் மாவட்டக் கரையில் உள்ள எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலோ காட்டுப்பள்ளியிலோ நிற்கும் கப்பலின் மீதான கடலாண்மை வழக்கு பொன்னேரி நீதிமன்றத்துக்குப் போகாது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போகும். இந்தியக் கப்பலின் மாலுமிக்கு மட்டும், 1958 சட்டத்தின்படி, பணிவிடுப்பு நடந்த இடத்துக்கு அருகிலுள்ள நடுவர் நீதிமன்றத்திலேயே ஊதிய மனு போடும் எளிய வழி இருந்தது. அச்சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

கொடி ஓரிடம், ஆட்கள் ஓரிடம்

பழைய உடன்படிக்கைகள் ஒன்றை வெளியே சொல்லாமல் நம்பியிருந்தன: கப்பலும் முதலாளியும் மாலுமியும் ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள். இன்று அப்படி இல்லை. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகிய மூன்று கொடிகளின் கீழ் உலகக் கப்பல் சுமையளவில் கணிசமான பகுதி ஓடுகிறது. முதலாளி கிரேக்கராகவோ சீனராகவோ இருக்கலாம். மாலுமிகள் பிலிப்பைன்ஸ், இந்தியா, உக்ரைன் நாட்டவராக இருக்கலாம். கொடி நாட்டின் துணைத் தூதருக்கு அறிவிப்பு என்றால் யாருக்கு அனுப்புவது? பல துறைமுகங்களில் அப்படி ஒருவரே இல்லை. இருந்தாலும், கண்ணால் பார்த்திராத மாலுமிக்காக அவர் ஏன் மெனக்கெட வேண்டும்? மாலுமியின் சொந்த நாட்டுத் தூதரகத்துக்கு அக்கறை இருக்கலாம். கப்பலின் மீது அதற்குப் பழைய அதிகாரம் ஏதும் இல்லை.

1963-ஆம் ஆண்டின் வியன்னாத் தூதரக உறவு ஒப்பந்தம் இந்த நிலையை ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. இந்தியா இதில் 1977-இல் இணைந்தது. கப்பல் தலைவருக்கும் மாலுமிக்கும் இடையிலான பிணக்குகளைத் தூதரக அதிகாரி தம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத் தீர்த்துவைக்கலாம். ஆனால் துறைமுக நாட்டு அதிகாரிகளின் உரிமைக்கு அதனால் குறைவு வராது. 1828-இல் உள்ளூர் அதிகாரியை விலக்கி வைத்த வாசகம் இங்கே திருப்பி எழுதப்பட்டிருக்கிறது.

நீதிமன்றமே தடையாகும்போது

துறைமுக நீதிமன்றம் எப்போதும் மாலுமியின் பக்கம் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. கைதான கப்பலை ஆளில்லாமல் விட முடியாது. நங்கூரம் அறுந்தால் மற்ற கப்பல்களில் போய் மோதும். ஆகவே குறைந்தபட்சப் பணியாளர் கப்பலில் இருந்தே ஆக வேண்டும் என்று துறைமுகம் கேட்கும். சம்பளத்துக்காகக் கப்பலைக் கைது செய்யச் சொன்ன மாலுமியே அந்தக் கைதால் இறங்க முடியாமல் போவதுண்டு.

இதன் கொடிய எல்லை எகிப்தில் தெரிந்தது. பஹ்ரைன் கொடி கொண்ட 'அமான்' கப்பல் 2017 ஜூலையில் சூயஸ் அருகே அதபியா துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. உள்ளூர் நீதிமன்றம் கப்பலின் முதன்மை அதிகாரியான சிரிய இளைஞரைக் கப்பலுக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆக்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட, அவர் மட்டும் தனியே எஞ்சினார். கப்பல் கரையருகே தரைதட்டிய பிறகு, உணவுக்கும் கைப்பேசிக்கு மின்னேற்றவும் நீந்திக் கரைக்குப் போய் வந்தார். பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தன் எகிப்தியப் பிரதிநிதியை மாற்றுக் காப்பாளராக நிறுத்திய பிறகே, 2021 ஏப்ரலில் அவர் ஊர் போக முடிந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் எந்தத் தூதரகத்தின் கையெழுத்தும் அந்த நீதிமன்ற ஆணையைத் தாண்டவில்லை.

இறங்க முடியாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் சென்னையும் பார்த்திருக்கிறது. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. சென்னைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்றிருந்த அதில், பல மாதமாக ஊதியம் இல்லை, உணவும் எரிபொருளும் குறைவு என்று பணியாளர்கள் சொன்னார்கள். உயிர்காப்புப் படகு கவிழ்ந்து இளைஞர்கள் சிலர் இறந்தனர். அது இந்தியக் கொடிக் கப்பல்; அங்கே துணைத் தூதர் என்ற பேச்சே இல்லை.

இன்றைய நடைமுறை

கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-ஐ இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், இரண்டு மாத ஊதியம் தராத முதலாளி மாலுமியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார் என்கிறது. அப்போது நான்கு மாதம் வரையிலான ஊதியத்தையும் ஊர் திரும்பும் செலவையும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும். அதன் சான்றிதழ் கப்பலில் அனைவரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். முதலாளி அனுப்பாவிட்டால் கொடி நாடு. கொடி நாடும் அனுப்பாவிட்டால் துறைமுக நாடோ மாலுமியின் சொந்த நாடோ அனுப்பிவிட்டுச் செலவைக் கொடி நாட்டிடம் வசூலிக்கலாம். முதலாளியிடம் பணம் இல்லை என்பதைக் காரணம் காட்டி மாலுமியை இறங்கவிடாமல் நிறுத்தக் கூடாது.

தூதரக அதிகாரிக்கு இன்னும் சில வேலைகள் எஞ்சியிருக்கின்றன. அவை சிறியவையும் அல்ல. கப்பல் தலைவர் பூட்டி வைத்துக்கொண்ட கடவுச்சீட்டுக்கு மாற்று ஆவணம் அவர்தான் தர முடியும். தொடர் பணிவிடுப்புச் சான்றிதழான சி.டி.சி.யில் முறையான பதிவு இல்லாமல் இறங்கியவருக்குக் கடலில் கழித்த மாதங்கள் அடுத்த தேர்வுக்குக் கணக்கில் வராமல் போகலாம். அங்கே தூதரகத்தின் கடிதம் உதவுகிறது. வழக்கு முடியுமுன் ஊர் திரும்ப நேர்ந்தால், உள்ளூர் வழக்கறிஞருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதே வழக்கம். 'பாக்கி எதுவும் இல்லை' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டால்தான் விமானச் சீட்டு என்று முகவர்கள் சொல்வதும் உண்டு. அப்படிப் போடும் கையெழுத்து பின்னர் நீதிமன்றத்தில் முதலாளியின் முதல் சான்றாக வந்து நிற்கும். ஒப்பந்தத்தின் நகல், மாத ஊதியக் கணக்கு, கப்பலில் ஏறிய நாள் இறங்கிய நாள் ஆகிய மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்திருப்பவரின் வழக்கு விரைவாக நகர்கிறது.